சுண்டெலியின் ஜன்னல்

எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கு இடம் இருக்கிறது. என் தங்கைக்கு இல்லை.

வீடு என்றால் ஒரே அறைதான். அம்மா தைக்கும் துணிகள் போக மிச்சமிருக்கும் இடத்தில் நானும் அம்மாவும் படுத்துக்கொள்வோம். அதனால் சுண்டெலி சித்தி வீட்டில் வளர்கிறாள். சுண்டெலி என்பது தங்கைக்கு நான் வைத்த பெயர். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

"அக்கா, வீடு கிடைச்சிடுச்சா?"

"தேடிட்டு இருக்கோம்டி."

"நேத்தும் இதையேதான் சொன்னே!"

ஒரு நாள் அம்மாவின் போனில் அந்த வீட்டு விளம்பரம் வந்தது. இரண்டு அறைகள். வாடகையும் கம்மி. படத்தில் நீல ஜன்னல், அதன் கீழே அகலமான திட்டு. சுண்டெலி அதில் உட்கார்ந்து காலை ஆட்டலாம்! நாலு நாளாக அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடமும் சொல்லிவிட்டேன்.

"ஜன்னல் எனக்கா?"

"உனக்கேதான்."

ஐந்தாம் நாள் வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன். நிறையப் பேர் கேட்கிறார்கள். மாலைக்குள் அட்வான்ஸ் அனுப்புங்கள். சாவி கூரியரில் வரும்.'

அம்மா பணம் அனுப்பத் தயாரானாள். நானோ ஜன்னலுக்குத் திரை தைக்க மஞ்சள் துணியும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன்.

"ஏய்! அளவெடுக்காம கத்தரி வைப்பியா?"

துணி விஷயத்தில் அம்மா யாரையும் நம்ப மாட்டாள். தைக்கக் கொடுப்பவர்களே அளவு சொன்னாலும், தானே ஒருமுறை அளந்தால்தான் அவளுக்குத் திருப்தி.

"அப்போ அவர்கிட்ட ஜன்னல் அளவு கேளும்மா."

கேட்டாள். 'அதெல்லாம் அப்புறம். முதலில் பணம்' என்று பதில் வந்தது.

"அம்மா, ஒரு திரைக்கே அளவு பாக்கணும்னா, வீட்டைப் பாக்காம பணம் அனுப்பலாமா?"

அம்மாவின் விரல் அப்படியே நின்றது. பிறகு அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"செருப்பைப் போடு. நேர்லயே பாத்துடுவோம்."

விளம்பரத்தில் இருந்த விலாசத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். அதே நீல ஜன்னல்! ஆனால் அந்தத் திட்டில் சுண்டெலி வயதில் ஒரு சிறுமி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்த பெண்மணி எங்களைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

"வாடகைக்கா? இது எங்க சொந்த வீடுங்க. யாரோ படத்தைத் திருடிப் போட்டு ஏமாத்துறான். இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு. மத்தவங்க பணத்தை அனுப்பிட்டு வந்து அழுதாங்க."

எங்கள் பணம் போகவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நாளாகச் சுண்டெலியை அந்த ஜன்னலில் உட்கார வைத்திருந்தேன்!

அப்புறம்தான் நினைத்தேன். என்னைப் போல வேறு யாராவது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களே? அம்மாவின் போனை வாங்கி, விளம்பரத்தின் கீழே எழுதினேன்: 'நேரில் வந்து பார்த்தோம். இந்த ஜன்னலில் ஏற்கெனவே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். பணம் அனுப்பாதீர்கள்.' அம்மா போலீசிலும் புகார் கொடுத்தாள்.

சாயங்காலம் சுண்டெலியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு தினமும் அதுல உக்காருவாளா?"

"உக்காருவா."

"சரி" என்றாள். நான் மஞ்சள் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

இன்னும் ஏழு வீடுகள் ஏறி இறங்கினோம். எட்டாவது வீட்டில் ஜன்னல் சின்னது. பெயின்ட் உரிந்திருந்தது. திட்டும் கிடையாது. ஆனால் இரண்டு அறைகள் இருந்தன. வீட்டுக்காரம்மா கூடவே நின்று ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். அம்மா ஜன்னலை அளந்தாள், நான் எழுதிக்கொண்டேன். அங்கிருந்தே சுண்டெலிக்குப் போன் செய்து, வீடு கிடைத்துவிட்டது என்றேன்.

"இந்த ஜன்னலை நிஜமாவே பாத்தியா அக்கா?"

"திறந்து, தலையை வெளியே நீட்டியே பாத்தேன்."

அந்தப் பக்கம் சரசரவென்று ஏதோ சத்தம் கேட்டது.

"ஏய், என்னடி பண்றே?"

"பையில துணி அடுக்கிட்டிருக்கேன். பேச்சுக் குடுக்காதே!"