ரிஃபத் குடித்த பால்

கோட்டைமேட்டில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ரம்ஷாவுக்கு இருந்தது ஒரே கவலைதான். நான்கு மாதத்துப் பிள்ளை ரிஃபத்துக்குக் கொடுக்க அவளிடம் பால் இல்லை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் வற்றிப்போனது. பூண்டு, வெந்தயம், சுறாப் புட்டு எதற்கும் மசியவில்லை. டப்பா பாலைக் குடித்த வேகத்தில் பிள்ளை கக்கினான். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான்.

புருஷன் ஆஸிம் காலையில் சரவணம்பட்டிக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவான். வீட்டின் நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு போட்டால்தான் கண் தெரியும். வெயிலுக்கு அதுதான் குளுமை என்று தொட்டிலை அங்கே கட்டினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். பசி நேரம் தாண்டியும் பிள்ளை அழவில்லை. பதறிக் குனிந்து பார்த்தால், வயிறு நிறைந்து தூங்குகிறான். கடைவாயில் பால் வழிந்திருந்தது.

அன்று அவள் டப்பாவையே திறக்கவில்லை.

பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் பெற்றவள் மனசு எவ்வளவு பொல்லாதது! ஆஸிமிடம் மூச்சு விடவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். நடு அறையிலிருந்து மடக், மடக் என்று விழுங்கும் சத்தம் வரும். காய்ச்சாத பாலின் வாடை வெதுவெதுப்பாக வீடு முழுக்கப் பரவும்.

ஒரு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டான். எடை போட்ட நர்ஸ் அன்புச்செல்விக்கு ஒரே ஆச்சரியம்.

"தாய்ப்பால் மட்டுந்தானுங்களா?"

"ஆமாங்க," என்றாள் ரம்ஷா. பொய் சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகுதான் ரிஃபத் அவளைக் கண்டாலே அழ ஆரம்பித்தான். தூக்கினால் முதுகை வளைத்துத் திமிறுவான். நடு அறை மூலையைப் பார்த்துச் சிரிப்பான். அந்தப் பக்கமே கை நீட்டுவான். ரம்ஷாவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அடுத்த போர்ஷனில் இருந்த வீட்டுக்காரம்மா ஆமினா பீவியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஆமினா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "தாது வருசப் பஞ்சத்துல நடந்ததும்பாங்க கண்ணு. நூத்தம்பது வருசம் இருக்கும். மைமூன் பீவின்னு இந்த ஊட்டு மருமக. சோறில்லாம மார் வத்திப்போச்சு. நாலு மாசப் பையன் பசியிலயே மவுத்தாயிட்டான். அவனை அடக்கம் பண்ணுன பொறகு எங்கிருந்தோ கஞ்சி கெடச்சுது, பாலும் வந்துபோட்டுது. பாலிருக்குது, குடிக்கப் புள்ளையில்ல. சாகற வரைக்கும் அந்த நடு ரூம்ப உட்டு அவ வெளியவே வரலையாமா."

"எம்புள்ளைய என்னங்க பண்ணுவாங்க?"

"பால் குடுத்தவளும் தாய்தான் நம்ம மார்க்கத்துல. அவளுக்கும் உரிமை வந்துருச்சு. சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டுப் போயிராத கண்ணு. மரியாதையாக் கேட்டுட்டுப் போ."

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு ரம்ஷா நடு அறை வாசலில் நின்றாள். ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.

பால் வாடை நெருங்கி வந்தது.

"ஏனுங்க..." இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எம்புள்ள உசுரக் காப்பாத்துனீங்க. சாகற வரைக்கும் மறக்கமாட்டேனுங்க. ஆனா இவன் எனக்கு வேணுமுங்க. குடுத்துருங்க."

ரிஃபத்தின் கால் இருட்டுக்குள் மெல்ல இழுபட்டது.

இன்னும் கொஞ்சம் இழுபட்டது.

ரம்ஷா பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னாள். "இவனுக்கு நீங்க தாயின்னா, உங்க புள்ளைக்கு நான் தாயிங்க! அல்லா மேல சத்தியமுங்க!"

கால் விடுபட்டது. வாடை இருந்த இடம் தெரியாமல் போனது.

அன்றே ஆஸிமை வரவழைத்து, பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ரிஃபத் டப்பா பாலைச் சமர்த்தாகக் குடித்தான். கக்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்திருந்தவளுக்கு மார் கட்டிக்கொண்டு கனத்தது. பால்! ரவிக்கை நனைந்து வழிந்தது. சந்தோஷத்தில் ரம்ஷா அழுதேவிட்டாள். ஆஸிம் வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, அவனைக் கொண்டாங்க! பால் வந்துருச்சுங்க!"

"இப்பத்தான் தூங்கறான். எந்திரிக்கட்டும்."

அவள் மடியில் ஏதோ ஏறியது.

கனமே இல்லை. ஈர மண் வாடை அடித்தது. துழாவித் துழாவி மேலே வந்தது. சில்லிட்ட ஒரு சின்ன வாய் அவளைக் கவ்விக்கொண்டு, வெறி பிடித்தாற்போல் உறிஞ்சத் தொடங்கியது. குனிந்து பார்த்தாள். மடி காலியாக இருந்தது.

வாசலில் ரிஃபத் விழித்துக்கொண்டு பசியில் வீறிட்டான்.

"ரம்ஷா, புள்ள அழுவுது பாரு. வந்து வாங்கேன்!"

எழப் பார்த்தாள். முடியவில்லை.

"இதோ வாரேனுங்க," என்றாள் ரம்ஷா.

மடியில் இருந்தது இன்னும் குடித்து முடிக்கவில்லை.