இடது வெள்ளம், வலது கெட்டி

கூரை இருக்கும், ஆனால் மூடக்கூடாது. அதுதான் பந்தயம்.

அந்தச் சிவப்புத் திறந்த காரின் பின்சீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் கூரை மடித்துக் கட்டிக் கிடந்தது. அதன் கொக்கியில் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார் சாத்தப்பன். பழைய கார்களைச் சேர்த்து வைப்பதும் மனிதர்களை ஆட்டி வைத்து வேடிக்கை பார்ப்பதும் அவருடைய பொழுதுபோக்குகள்.

"மதுரையில இருந்து கட்ச் உப்புப் பாலைவனம் வரைக்கும் போங்க. வரைபடத்துல குறிச்ச இடத்துல ஒரு கொடிக்கம்பம் நிக்கும். அதுக்கடியில பித்தளைப் பெட்டி. பெட்டிக்குள்ள என் ஷெட்டுச் சாவி. கொண்டு வந்தா ஒன்பது காரும் உங்களுக்கு. அரக்கு உடைஞ்சா ஒண்ணும் கிடையாது" என்றார்.

தவமணிக்கு இருபத்தாறு வயது. அப்பா விட்டுப்போன மெக்கானிக் ஷெட்டை அவள்தான் நடத்தி வந்தாள். இடத்துக்காரன் காலி செய்யச் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது. ஒன்பது கார்களும் அவற்றோடு வரும் ஷெட்டும் கிடைத்தால் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். சரி என்றாள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய அத்தை மகன் ஒச்சப்பன், உடம்பில் பலமும் வாயில் நஞ்சும் உள்ளவன். இன்னொருவன் அவள் ஷெட்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் வில்பிரட், கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரன்.

வில்பிரட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாள், வியர்த்து விறுவிறுத்து நின்றவன், "கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்று கேட்டான். அவர்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். ஷெட்டே சிரித்தது. "வைகையிலேயே வெள்ளம் வந்து வருஷமாச்சு, உனக்கு நான் எங்க போய்க் கொண்டாறது?" என்று கேட்டவள் தவமணிதான். அன்றிலிருந்து ஒச்சப்பன் அவனை 'வெள்ளம்' என்றே கூப்பிட்டான். மறு மாதத்திலிருந்து வில்பிரட் சுத்தமாக 'தண்ணி' என்றுதான் கேட்டான்.

பயணம் தொடங்கிய மூன்றாம் நாளே திறந்த காரின் ஜம்பம் இறங்கிவிட்டது. மதுரையில் கையசைத்து வழியனுப்பியவர்கள், கர்நாடகத்து மழையில் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். காருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பாத்திரம் வைத்து மொண்டு கொட்டினார்கள். மகாராஷ்டிரத்தில் முந்திப்போன பேருந்து ஜன்னலிலிருந்து ஒருவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அது தவமணியின் தோளுக்கு வந்து சேர்ந்தது. லாரிகள் சேற்றை வாரி இறைத்தன. பூச்சிகள் பல்லில் மோதிச் செத்தன. அதற்கப்புறம் வெயில். மூக்குத் தோல் உரிந்தது, உதடு வெடித்தது, பழுத்த பின்கழுத்தில் சட்டைக் காலர் பட்டாலே உயிர் போனது. பின்னால் மடிந்து கிடந்த கூரையை மூவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பசித்தவன் முன்னால் சோற்றைப் பூட்டி வைத்ததுபோல அது கிடந்தது.

"ஒரு மணி நேரம் மூடிக்கிருவோம் தவமணி, எவன் பாக்கப் போறான்?" என்றான் ஒச்சப்பன்.

"அரக்கு பாக்கும் மச்சான். பேசாம ஓட்டு."

ஒன்பதாம் நாள் உப்புப் பாலைவனத்துக்குள் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மேலே காய்ந்த உப்புத் தட்டு, அடியில் சில இடங்களில் சகதி. கார் அமிழ்ந்தால் கதை முடிந்தது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விடிந்ததும் வில்பிரட் நடந்து போய்த் தரையை மிதித்துப் பார்ப்பான். வழி பிரியும் இடத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, ஒரு சீட்டு செருகுவான். 'இடது சகதி. வலது கெட்டி.' அவ்வளவுதான். கார் பின்னால் போகும்.

பத்தாம் நாள் காலை ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. குடிக்க வைத்திருந்ததில் பாதியை அதுவே குடித்துவிட்டது. வில்பிரட் காலி கேன் ஒன்றைத் தோளில் மாட்டினான்.

"நீங்க ஒழுகலை அடையுங்க. நான் வழியும் பாத்து, தண்ணியும் கெடக்குதான்னு பாத்திட்டு வாறேன்" என்றான்.

ஒழுகலைச் சோப்பால் அடைத்து, பத்து மணிக்குக் கிளம்பினார்கள். ஐந்து கிலோமீட்டரில் குச்சி தெரிந்தது. தவமணி இறங்கிச் சீட்டை எடுத்தாள்.

'இடது வெள்ளம். வலது கெட்டி.'

"இடது பக்கம் வெள்ளமாம். கடல் தண்ணி ஏறி நிக்குது போல" என்றாள்.

"அப்ப வலதுதான். வரைபடமும் கொடிக்கம்பத்த அந்தப் பக்கம்தான காட்டுது. அவன் அங்க போய்க் காத்திருப்பான்" என்றான் ஒச்சப்பன்.

கார் வலது பக்கம் திரும்பியது. பாழாய்ப்போன திருப்பம்! தாகத்தில் நாக்கு வறண்டவன், அம்மா சொல்லிக்கொடுத்த சொல்லைத்தான் எழுதுவான் என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஊர்ந்து ஊர்ந்து பதினைந்து கிலோமீட்டர் போவதற்குள் பொழுது சாய்ந்தது. வில்பிரட்டைக் காணோம். அவனுடைய காலடித் தடமும் இல்லை. "தட்டு கெட்டியா இருக்கு, தடம் எப்படி விழும்?" என்றான் ஒச்சப்பன். தவமணி அதை நம்பினாள், நம்புவதுதான் அப்போது வசதியாக இருந்தது.

மறுநாள் விடிந்தபோது தூரத்தில் கொடிக்கம்பம் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. கையில் மிச்சம் அரை பாட்டில் தண்ணீர். ரேடியேட்டர் ஏறக்குறைய வறண்டிருந்தது. ஒச்சப்பனுக்குக் கண்கள் பளபளத்தன.

"பெட்டிய எடுத்துக்கிட்டு வந்த வழியே போயிருவோம்."

"வில்பிரட்டு?"

"எங்கயாச்சும் ஊர்க்காரன் ஒட்டக வண்டியில ஏறிப் போயிருப்பான். இல்ல, இங்கதான் எங்கயோ சுத்திக்கிட்டு இருப்பான். வந்து நிப்பான் பாரு." ஒச்சப்பன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இழுத்து, மூன்று வருடப் பழைய கேலியை எடுத்துவிட்டான். "'கொஞ்சம் வெள்ளம் தருவியளா'ன்னு கேட்டுக்கிட்டே வந்து நிப்பான்."

தவமணி சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தாள். இடது வெள்ளம்.

"மச்சான், அவன் வெள்ளம்னு எழுதினது தண்ணிய" என்றாள். "குடிக்கிற தண்ணிய. நமக்காகத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான். கேனை எடுத்துக்கிட்டு இடது பக்கம் போயிருக்கான். இன்னும் திரும்பலன்னா என்னமோ ஆயிருச்சு."

ஒச்சப்பன் சீட்டை வாங்கிப் பார்த்தான். புரிந்தது. புரிந்தும், "ரெண்டு கிலோமீட்டர் புள்ள. பெட்டிய எடுத்துக்கிட்டே போவோம்" என்றான்.

"அங்க போயிட்டுத் திரும்பினா பாதி வழியிலேயே இன்ஜின் சூடேறி நின்னுரும். நடந்து போய் வரவும் நேரமில்ல. இந்த அரை பாட்டில வச்சு ஒரு பக்கம்தான் போக முடியும்."

"அப்ப பெட்டிக்குப் போ. ஷெட்ட விட்டுட்டு எங்க போய் நிக்கப் போற? ஒரு கூலிக்காரப் பயலுக்காக..."

அவன் கை கார் சாவிக்குப் போனது. தவமணி வாக்குவாதம் செய்யவில்லை. ஸ்பானரை எடுத்தாள், பின்னால் போனாள், கொக்கியில் ஓங்கி ஒரு அடி. பத்து நாள் வெயிலும் மழையும் தாங்கிய அரக்கு தூள்தூளாகச் சிதறியது.

"இப்பப் பெட்டிய எடுத்து என்ன செய்வ?" என்று கேட்டாள்.

பிறகு அந்த அரை பாட்டில் தண்ணீரை, அவன் கண் முன்னாலேயே ரேடியேட்டரில் ஊற்றினாள். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவது தெரிந்தது. பாவம்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் பாவம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

கூரையை இழுத்து மூடிக்கொண்டு, வந்த வழியிலேயே விரட்டினார்கள். குச்சியைத் தாண்டி இடது பக்கம் மூன்று கிலோமீட்டர். அங்கே சின்ன மேடு, அதன் மேல் சீமைக்கருவேலம். இராமநாதபுரத்தில் திட்டித் தீர்க்கிற அதே மரம் அங்கே நிழலாக நின்றது. மரத்தடியில் ஆடு மேய்ப்பவர்கள் தோண்டிய குழி. குழியில் தண்ணீர்.

அவர்கள் வில்பிரட்டைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் முதலில் குடித்தார்கள். மண்டியிட்டு, முகத்தைக் குழிக்குள் விட்டு, மாடு குடிப்பதுபோலக் குடித்தார்கள். நிமிர்ந்த பிறகுதான், பத்தடி தள்ளி முள்ளுக்கடியில் அவன் படுத்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் நிரப்பி, மூடி திருகி வைத்த கேன்.

உப்புத் தட்டு உடைந்து, அடியில் புதைந்திருந்த துருக்கம்பி அவன் பாதத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் துளைத்திருந்தது. பாதம் கறுத்து, கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது.

"வண்டி வலது பக்கம் போறத நான் கண்டேன்" என்றான் வில்பிரட். குரல் காற்றாக வந்தது. "விளிச்சேன். கேக்கல."

தவமணி கேனைத் தூக்கி ரேடியேட்டரை நிரப்பினாள். ஒச்சப்பன் குனிந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான். கூரை போட்ட கார், அவனை நிழலில் கிடத்திக்கொண்டு ஊருக்குள் ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கணுக்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "நேற்றே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம்" என்று இந்தியில் சொன்னார். தவமணிக்கு அரைகுறை இந்திதான் தெரியும். அந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்து தொலைத்தது.

சாத்தப்பனுக்குப் போன் போட்டாள். "அரக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். உடைந்துவிட்டது என்றாள். "அப்ப வண்டியக் கொண்டாந்து விட்டுருங்க" என்று வைத்துவிட்டார். ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே காரில் திரும்பினார்கள். சீட்டில் என்ன எழுதியிருந்தது, என்ன புரிந்துகொண்டார்கள் என்பதைத் தவமணி அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். முன்சீட்டில் அவன் வெட்டுப்பட்ட காலைத் தலையணையில் வைத்தபடி வந்தான். வழிநெடுக அவன் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். "தண்ணி." சுத்தமான மதுரைத் தமிழ். ஒவ்வொரு தடவையும் தவமணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

மதுரைக்குள் நுழைந்தபோது கூரையைத் திறந்துவிடச் சொன்னான். திறந்தார்கள். வைகைப் பாலத்தில் கூட்டம், கார் நின்றுவிட்டது. மேற்கே நல்ல மழை, இரண்டு கரையும் தொட்டுப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது ஆறு. ஒச்சப்பன் எழுந்து நின்று பார்த்தான்.

"ஆத்துல வெ..." என்று தொடங்கியவன், சொல்லை அப்படியே விழுங்கினான். "ஆத்துல நெறையத் தண்ணி போகுது" என்றான்.

வில்பிரட் திரும்பி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். மூன்று வருடமாக அவனைப் பார்த்துச் சிரித்த வாய், இன்று ஒரு சொல்லுக்குப் பயந்து நிற்கிறது. அடுத்தவன் பேச்சைக் கேலி செய்வதற்கு ஒரு நிமிடம் போதும். அதைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்ள இவர்களுக்கு ஒரு கால் தேவைப்பட்டிருக்கிறது.

அவன் கையை நீட்டினான்.

"தவமணி, கொஞ்சம் வெள்ளம் தா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மூடியைத் திருகி, பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.