இரண்டடி அகலப் பளபளப்பு

ஆறு பத்துக்கு அலாரம். சபரி பல் தேய்த்தான், டிகாக்‌ஷனில் பாலை ஊற்றினான், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஏழரைக்கு ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் மன்ஹாட்டன் ரயில். ஷூவை எடுக்கப் போனபோதுதான் தரையைக் கவனித்தான்.

மனைவி யாமினி இறந்த நான்கு மாதத்தில் அவன் ஒருநாளும் வீட்டைத் துடைக்கவில்லை. மரத்தரை முழுக்கத் தூசி. ஆனால் படுக்கையறைக் கதவிலிருந்து வாசல் செருப்பு ஸ்டாண்டை நோக்கி, இரண்டடி அகலத்துக்கு மட்டும், மெழுகு தேய்த்தது போல் பளபளத்தது. ஸ்டாண்டுக்கு ஒரு கை தூரத்தில் பளபளப்பு நின்றிருந்தது.

போன் அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வெள்ளியங்கிரி. ஸ்பீக்கரில் போட்டான்.

"காப்பி குடிச்சீங்களா மாப்ள?"

"ஆச்சுங்க மாமா."

"வேலைக்கு ஆள் வெச்சுட்டீங்களாட்ட இருக்குது? யாரோ தரை தொடைக்கற சத்தம் கேக்குது."

சபரி மூச்சை அடக்கிக் கேட்டான். படுக்கையறைக்குள், ஈரமில்லாத கனமான துணியொன்று மரத்தின் மேல் மெதுவாக இழுபட்டு, நின்று, யோசித்து, மறுபடி இழுபடும் சத்தம். கூடவே தேன்மெழுகும் பழைய திரைச்சீலையும் கலந்த வாசனை. அந்தச் சத்தமும் வாசனையும் அவனுக்குத் தெரியும்.

ஜூனில் யாமினியோடு பார்த்த ஐரோப்பிய அரண்மனையில் கேட்டவை, முகர்ந்தவை. ராஜா நடந்த மரத்தரை கீறாமலிருக்க, ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளப் பெரிய கம்பளிச் செருப்பு கொடுப்பார்கள். யாமினி பழக்கதோஷத்தில் தன் சிவப்புச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலில் அதை மாட்டிக்கொண்டாள். காவலாளி சிரித்தான். அவளும் சிரித்தாள். நாற்பது அறைகளைச் சறுக்கியே கடந்தாள். வெளியேறும் வழி மறுபுறம். செருப்பை எடுக்க அவள் மட்டும் திரும்பிப் போனாள். அவன் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பளிச் செருப்போடு கண்ணாடிக் கூடத்தில் விழுந்து கிடந்தாள். இதயம் என்றார்கள். வாசலில் கிடந்த சிவப்புச் செருப்பை அவன்தான் ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுவந்தான்.

"ஆள் யாரும் வெக்கலீங்க மாமா," என்றான்.

"அந்தச் செருப்பு இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?" மாமனாரின் குரல் தாழ்ந்திருந்தது.

"இருக்குதுங்க."

"தூக்கிக் குப்பைல போட்டுருங்க. இப்பவே."

"மாட்டனுங்க."

"மாப்ள, சொன்னாக் கேளுங்க. அத வெச்சிருக்கறது கூப்படற மாதிரி."

"உங்க பொண்ணுதானுங்க மாமா. வரட்டும்."

"எம்பொண்ண நாம எரிச்சுட்டமுங்க. அங்க நடக்கறது அவ இல்லீங்க."

சபரி போனை அணைத்தான். அன்றைக்கு அவளைத் தனியாக அனுப்பினான். இன்றைக்கு எங்கேயும் ஓடப்போவதில்லை. சிவப்புச் செருப்பை எடுத்து, பளபளப்பு முடிந்த இடத்தில் ஜோடியாக வைத்தான். மூன்றடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

சத்தம் படுக்கையறையைத் தாண்டியது.

ஹாலுக்கு வந்தது. சோபாவைத் தாண்டியது. யாருமில்லை. தூசி மட்டும் இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

செருப்பருகே நின்றது.

தரையில் இரண்டு சாம்பல் நிறக் கம்பளிச் செருப்புகள் கிடந்தன. அரண்மனையுடையவை. அவன் கொண்டுவராதவை. காலி.

சிவப்புச் செருப்பின் கொக்கி மாட்டும் சத்தம். வலது.

இடது.

தோல் வார்கள் விம்மி இறுகின. உள்ளே ஏதோ நிறைந்தது.

யாமினி எப்போதும் இடதைத்தான் முதலில் மாட்டுவாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடவுமில்லை.

ஒரு அடி.

இன்னொரு அடி.

சிவப்பு முனைகள் அவன் கால்விரல்களைத் தொட்டு நின்றன. குளிர். தேன்மெழுகு நாற்றம் முகத்துக்கு நேராக வந்தது, மூச்சு போல.

அன்றைக்கு அரண்மனையின் பின்வாசலில், அவன் தோளைத் தட்டிவிட்டு அவள் சொன்னது:

"நீ போய்ட்டே இரு சபரி. செருப்ப மாட்டிட்டு வந்தர்றேன்."