ஒரு தலை குறையுது

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் சாலையில் அன்று காலை பனி கொஞ்சம் அதிகம்தான். பைரோஸ் பைக்கின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு வழிவிட்டு மேலே ஏறினான். ஐந்து மாதம் கழித்து இந்தச் சாலையில் வருகிறான். பயம் வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை. துக்கமாவது வருமா என்று பார்த்தான், அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

மெட்டைத் தாண்டி உள்ளே போனால் விஜயபாண்டியின் தோட்டம். அதன் நடுவே இரண்டு மலைகளை மறித்துத் தேக்கிய தண்ணீருக்கு ஊசிப்பாறைத் தேக்கம் என்று பெயர். மறுகரையில் செங்குத்தாக ஒரு பாறை நிற்கிறது. பாறையின் அடியில் குகை. தண்ணீர் அளவாக நிற்கிற மாதங்களில் நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகையில் அந்தக் குகைக்குள் போய் வரலாம்.

பைரோஸும் தம்பி அன்சாரும் கேரளக் கடற்கரையில் ஆறு வருஷம் இதே வேலைதான் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்களைப் பலகையில் நிற்கப் பழக்கி, அலை ஓய்ந்த நேரம் பார்த்துக் கடல் குகைகளுக்குள் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வேலை. "கடல்லயே பண்ணுன பயலுகளுக்கு இந்தத் தண்ணி எம்மாத்திரம்?" என்று சொல்லி விஜயபாண்டிதான் இருவரையும் ஊருக்கு இழுத்து வந்தார். தோட்டத்து விடுதிக்கும் ஆள் வந்தது, அண்ணன் தம்பிக்கும் சொந்த ஊரில் ஒரு சோலி ஆயிற்று.

முன்னால் போகிறவன் பைரோஸ், கடைசியில் வருகிறவன் அன்சார். கடலில் படித்த ஒரு பழக்கத்தை இங்கேயும் அவர்கள் விடவில்லை. குகையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பலகையின் மூக்கிலும் முன்னால் போனவன் துடுப்பால் ஒரு தட்டு தட்டி, உரக்க எண்ணுவான். எண்ணிக்கை சரியாக இருந்தால் "எல்லாம் வந்தாச்சு" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் காதில் விழாமல் கடைசி ஆள் குகையை விட்டு நகரக் கூடாது. தலைபோகிற அவசரம் என்றாலும் கூடாது.

ஐப்பசியில் அன்சார் அந்தக் குகைக்குள் நின்றான். மேலே மலையில் மழை பெய்து காட்டாறு இறங்கியது. குகை வாய் மூடிக்கொண்டது. தீயணைப்புப் படையினர் ஐந்து நாள் முங்கித் தேடினார்கள். ஒரு பலகைதான் கிடைத்தது.

ஆளும் இல்லை, உடலும் இல்லை. அதில்தான் யாஸ்மின் மாட்டிக்கொண்டாள்.

அன்சாரின் மனைவிக்கு வயது இருபத்தாறு. மய்யித்து இல்லாமல் ஜனாஸா தொழ முடியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். செத்ததைக் கண்ணால் கண்டவரும் இல்லாதபோது அவளை விதவை என்று எப்படிச் சொல்வது என்றார். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கவும் அவளால் முடியவில்லை, இருந்து முடித்துக் கம்பத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. பொண்டாட்டியும் இல்லை, அறுத்தவளும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுததை யாரும் பார்க்கவில்லை.

நேற்று மட்டும் மாடிப்படியில் பைரோஸை நிறுத்தினாள்.

"தண்ணி வத்திருச்சாமே, பெரிய மச்சான்?"

"ஆமாத்தா. நாளைக்கு விருந்தாளி வர்றாக. போறேன்."

"உள்ள எது கெடந்தாலும் கொண்டாங்க. முழுசாத்தேன் வேணும்னு கேக்கலே. அடக்கம் பண்ணிட்டா நானும் ஒரு வழியப் பாத்துக்கிருவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

இன்றைக்கு வந்த விருந்தாளிகள் நான்கு பேர். ராஜபாளையத்திலிருந்து பொன்னுமணி டீச்சர், அவர் மகள், மருமகன், மருமகனின் சிநேகிதன். டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற மறுமாதமே இப்படிக் கிளம்பிவிட்டார். முழங்கால் நடுங்கினாலும் பலகையில் நின்றுவிட்டார். கடைசியில் வருவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பைரோஸ் ஒருவனே கூட்டிப் போனான்.

குகை வாய் மூன்றடி உயரம். எல்லோரும் மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் கூரை உயர்ந்து எழுந்து நிற்கலாம். பத்துப் பலகை தூரத்தில் குகை இடப்பக்கம் திரும்பும். விருந்தாளிகளுக்கு அந்தத் திருப்பம் வரைதான். அதற்கு அப்பால் வெளிச்சம் கிடையாது.

வௌவால் எச்சத்தின் நெடி. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம். துடுப்பு பட்டால் அந்த ஓசை உள்ளே வெகுதூரம் போய், சாவகாசமாகத் திரும்பி வந்தது. பைரோஸ் விளக்கைத் திருப்பம் வரை அடித்துக் காட்டி, வழக்கமான நாலு வார்த்தை சொல்லி, முதல் ஆளாக வெளியே வந்து நின்றான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவதாக டீச்சர் வந்தார். பலகையின் மூக்கில் தட்டினான்.

"உங்க கடைசி ஆளு நல்ல பொறுப்பான புள்ள தம்பி" என்றார் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே. "என் பலகை பாறையில முட்டி நின்னுபோச்சு. பின்னாடியிருந்து பிடிச்சுத் தள்ளிவிட்டாப்ல. கை என்ன அப்படிச் சில்லுன்னு இருக்கு?"

பைரோஸ் குகை வாயைப் பார்த்தான்.

"வாங்க தம்பி, நீங்களும் வெளியேன்னு கூப்பிட்டேன். இன்னும் ஒரு ஆளு வரணும்னு சொல்லிட்டு அங்கேயே நின்னுட்டாரு."

மகளும் மருமகனும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பயத்தில் மனசு தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பைரோஸ் நான்கு தலைகளையும் மறுபடி எண்ணினான். நான்குதான் இருந்தன. கரைக்குக் கூட்டி வந்து, லைஃப் ஜாக்கெட்டுகளைக் கழற்ற உதவி, விடுதியில் டீ தயாராக இருக்கும் என்று சொல்லி அனுப்பினான். இப்போதும் பயம் வரவில்லை. அதுதான் அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

பிறகு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு தனியாகத் தண்ணீரில் இறங்கினான்.

போலீசிடம் அவன் சொன்ன கதை வேறு. உள்ளே ஒரு பலகை தங்கிவிட்டது, அதை எடுக்கத் தம்பி போனான் என்று சொல்லியிருந்தான். யாரிடமும் சொல்லாத கதை ஒன்று உண்டு.

ஐப்பசியில் அன்று விருந்தாளிகள் ஆறு பேர். வெளியே வந்தவை ஐந்து பலகைகள். பைரோஸ் ஐந்து வரை எண்ணி, "ஒரு தலை குறையுது, பாருடா!" என்று உள்ளே குரல் கொடுத்தான். கொடுத்த மறுகணமே பார்த்துவிட்டான். ஒரு பெண் தன் பலகையை உள்ளேயே விட்டுவிட்டு, புருஷனின் பலகையில் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து வந்திருந்தாள். ஆறு தலையும் சரியாக இருந்தன.

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். ஆனால் காலையில் விருந்தாளிகள் முன்னால் அன்சார் அண்ணனின் தொந்தியைக் கிண்டல் பண்ணியிருந்தான். கொஞ்ச நேரம் தேடட்டும் பய என்று பைரோஸுக்குத் தோன்றியது. உதட்டில் விரலை வைத்து விருந்தாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே அன்சார், "அக்கா! அக்கா! எங்க இருக்கீக?" என்று கூப்பிட்டுக்கொண்டே போவது கேட்டது.

ஒரு நிமிஷம். மிஞ்சிப்போனால் இரண்டு.

மேலேயிருந்து செந்தண்ணீர் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பைரோஸ் தொண்டை கிழிய "எல்லாம் வந்தாச்சு" என்று கத்தியபோது குகை வாயே இல்லை. சத்தம் பாறையில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது. சிரித்த பாவத்தில் பங்கு இருந்ததால் விருந்தாளிகளும் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இப்போது திருப்பத்தைத் தாண்டினான்.

கூரை தாழ்ந்தது. பலகையில் மண்டியிட்டு, பாறையைக் கையால் தள்ளித் தள்ளிப் போனான். வௌவால் நெடி இங்கே இல்லை. மூடி வைத்த பெட்டிக்குள் ஈரத்துணி கிடந்தால் வருமே, அந்த வாடை வந்தது. சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு கேட்கவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் பாறை இடுக்கில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அன்சாரின் லைஃப் ஜாக்கெட். மூன்று பூட்டும் பூட்டியபடி, வார் இறுக்கியபடி, ஒரு ஆள் போட்டிருப்பதுபோல் புடைத்து நின்றது.

கிடைத்துவிட்டது என்று நினைத்தான். யாஸ்மினுக்குக் கொண்டுபோக ஏதோ கிடைத்துவிட்டது. கை நீட்டித் தொட்டான்.

ஜாக்கெட் அமுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

பூட்டைக் கழற்றாமல் அதிலிருந்து ஒருவன் எப்படி வெளியே போக முடியும்?

"அண்ணே."

முதுகுக்குப் பின்னால். கிசுகிசுப்பாக. நீந்திக் களைத்தவன் குரல்.

பைரோஸ் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அண்ணே, எல்லாம் வந்தாச்சா?"

தண்ணீர் அசையவில்லை. ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதமாகப் போலீசுக்கும் ஊருக்கும் யாஸ்மினுக்கும் சொன்ன பொய்யை இங்கே சொல்ல நாக்கு எழவில்லை.

"வந்தாச்சுடா."

"அந்தக்கா?"

"அந்தக்கா அப்பவே வந்துருச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தேன் சும்மா இருந்தேன். வெளாட்டுக்குடா அன்சாரு… எல்லாம் வந்தாச்சு. எல்லாம் வந்தாச்சுடா. நீ வா."

 

அப்புறம் பலகையின் பின்பக்கம் மெதுவாக அமிழ்ந்தது.

ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த அளவுக்கு.

பைரோஸ் துடுப்பை எடுத்தான். எப்படி வெளியே வந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பின்பாரத்தில் பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வெயிலில் வந்த பிறகும் அப்படியேதான் நின்றது. கரையில் காலை வைத்ததும் மூக்கு தாழ்ந்தது. பைரோஸ் தண்ணீரை மட்டும் பார்த்தபடி பலகையை இழுத்துக் கட்டினான். விடுதிக்குப் போய் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பைக்கைக் கிளப்பியபோது பின் சக்கரத்து ஸ்பிரிங் அமுங்கியது. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியது. வளைவுகளில் வண்டி சாய்ந்தபோது பின்னால் இருந்த பாரமும் பழகியபடி கூடவே சாய்ந்தது. சின்ன வயதிலிருந்து அவன் பின்னால் உட்கார்ந்து வந்தவன்தானே, அவனுக்கா தெரியாது? பைரோஸ் கண்ணாடியைக் கீழே திருப்பிவிட்டு ஓட்டினான்.

அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் காவலுக்கு இருந்த சோணை, தெரிந்த ஆள்தான், கம்பைத் தூக்கிவிட்டான். அவன் பார்வை பைரோஸின் தோளைத் தாண்டிப் போனது.

"பின்னாடி இருக்கிறவருக்கும் ஒரு ஹெல்மெட்டு மாட்டி விடுண்ணே. போடியில பிடிக்கிறாங்கெ."

பைரோஸ் தலையாட்டினான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஏலக்காய் வாசம். ஸ்பிரிங் விடுபட்டு வண்டி ஒரு விரற்கடை மேலே எழும்பியது. பைரோஸ் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கதவை அவன் சாத்தவில்லை.

யாஸ்மின் கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பச்சைக்காயையும் வெளிறிய காயையும் பிரித்துக்கொண்டே இருந்தன. தலை நிமிராமல் கேட்டாள்.

"கெடச்சுச்சா, பெரிய மச்சான்?"

"இது மட்டுந்தேன்" என்று ஜாக்கெட்டை நீட்டினான். "உள்ள… வேற ஒண்ணும் இல்லத்தா."

அவள் நிமிர்ந்தாள். ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. பார்வை அவன் தோளுக்குப் பின்னால் வாசலில் போய் நின்றது. விரல்கள் ஓய்ந்தன. முறம் மடியிலிருந்து சரிந்து ஏலக்காய் கூடமெங்கும் சிதறியது.

யாஸ்மின் சிரித்தாள்.

ஐந்து மாதத்தில் அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. அதைப் பார்த்த பிறகுதான் பைரோஸின் மரத்துப்போன நெஞ்சுக்குள் பயம் இறங்கியது. இனி அடக்கம் பண்ண எதுவுமே கிடைக்காது. இனி யார் வந்து சொன்னாலும் இவள் தன்னை அறுத்தவள் என்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அவளை விடுவிக்கப் போனவன், சாகும்வரைக்கும் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அவள் எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து ஓரடி வைத்தாள்.

"இம்புட்டு நாளா எங்க இருந்தீக? ஏன் வரலே?"

பைரோஸின் காதருகே, ஈரமாக, ஒரு குரல் பதில் சொன்னது.

"அண்ணன் இப்பத்தேன் சொல்லுச்சு."