ஒப்பீட்டு ரத்தம்

ரத்த அணுக்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. மழையில் ஊறிய கோழி இறகும் திரிந்துபோன பாலும் கலந்த நாற்றம். ப்ளீச் போட்டுத் துடைத்தும், தட்டுகளைக் கழற்றிக் கொதிநீரில் அலசியும் போகாமல், அவள் கையுறைக்குள் புகுந்து, நகக்கண்ணில் ஒட்டி, நாக்கின் அடியில் கொழகொழவென்று தங்கிவிட்டது. ச்சீ, என்ன பிழைப்பு இது என்று நினைத்தாள்.

"தம்பி, இங்க வந்து மோந்து பாரு."

பக்கத்து மேசைக்காரனுக்கு ஆய்வகத்தில் 'மோப்பம்' என்று பட்டப்பெயர். எதிலாவது பூஞ்சை பிடித்தால் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் அவன் மூக்கு சொல்லிவிடும். தலையை உள்ளே விட்டு நன்றாக இழுத்து முகர்ந்தான்.

"ஒண்ணுமே இல்லையேக்கா."

அவள் இன்குபேட்டர் கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே இருந்தது ஒரே குடும்பத்தின் ரத்தம். அதில் பாதிப் பேருக்குச் சித்தபிரமை. அவர்களுக்கெல்லாம் ஒரு குரோமோசோம் ஒடிந்து, துண்டு வேறொன்றில் போய் ஒட்டியிருந்தது. ஒடிந்த இடத்தருகே எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன, அவை என்ன செய்கின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. ரத்தம் எடுத்த அன்று அந்த வீட்டு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"குரலெல்லாம் அப்புறம்தான் கேக்கும். முதல்ல நாத்தம் வரும்மா. எங்களுக்கு மட்டும்."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். வைத்திருந்தது வீணாகிவிட்டதால், அவசரத்துக்குத் தன் கையிலேயே குத்தி எடுத்திருந்தாள். அங்கே எல்லோரும் செய்வதுதான்.

தன் ரத்த அணுக்கள் இருந்த அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒடியும் இடத்தின் இருபுறமும் சாயமேற்றிய பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் ஒட்டியிருந்தால் குரோமோசோம் முழுசு. ஒரு ஜோடி ஒட்டியிருந்தது. மற்றது விலகிக் கிடந்தது. அடுத்த செல்லிலும் விலகல். அடுத்ததிலும்.

தனக்காகப் பயப்படக்கூடத் தோன்றவில்லை. மகள். அவளுக்கும் போயிருக்கலாம். பாதிக்குப் பாதி.

வீட்டுக்கு ஓடினாள். இருட்டத் தொடங்கியும் விளக்குப் போடவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடியது. ப்ளீச் நெடி. சரக். சரக்.

"என்னடி பண்ற?"

மகள் திரும்பினாள். கையில் தரை தேய்க்கும் பிரஷ். வாயோரம் சிவப்பு நுரை.

"போகவே மாட்டேங்குதும்மா. நனைஞ்ச இறகு மாதிரி நாறுது."

அம்மா முகர்ந்து பார்க்கட்டும் என்று நாக்கை நீட்டினாள். பிரஷ்ஷிலிருந்து பிய்ந்த முட்கள் அதில் குத்தி நின்றன.