ஒரே எண்ணுக்கு இரண்டு கதவுகள்

கிழக்கின் முறை நடக்கும் ஆறு மணி நேரமும் மேற்கில் கதவுகளே கிடையாது. சுவர் இருக்கும், வீடு இருக்கும், வீட்டுக்குள் ஆட்கள் இருப்பார்கள். எண்ணிக்கு மட்டும் அவை தெரியாது.

எண்ணி என்பது செவ்வாய்க்கு அடியில் குடைந்த அந்த ஊரின் கதவுகளையும் காற்றையும் ஆளும் பழைய இயந்திரம். அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு எண்களுக்கு மேல் அதற்குச் சொல்ல வராது. அமைத்தவர்கள் அதுவே அதிகம் என்று நினைத்தார்கள். நிறுத்திவிட்டு வேறொன்று வைக்கலாமென்றால், நிறுத்தும் நாளில் ஊரின் மூச்சும் நின்றுவிடும். இடம் போதாமல் மேற்கைக் குடைந்தபோது வீடுகள் இருந்தன, எண்கள் இல்லை. வழி கண்டுபிடித்தவள் நாச்சியார். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு கதவு; எந்தக் கதவு என்பதை மாற்றறையில் இருக்கும் ஒரு கோல் சொல்லும். கோல் கிழக்கே சாய்ந்தால் கிழக்கு திறக்கும், மேற்கே சாய்ந்தால் மேற்கு. மாறும்போது எண்ணி ஊரை மறுபடி எண்ணி முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை நடைவழிகளில் காற்று இருக்காது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தாக வேண்டும்.

ஊர் அவளுக்கு மாலை போட்டது. மகள் கோமதிக்கு மேற்கில் வீடு கிடைத்தது. இரண்டு வருடமாயிற்று. அதன்பின் கிழக்கில் இருக்கும் அவளுக்கு மகள் என்றால் பேசுகுழலில் வரும் குரல் மட்டும்தான்.

இன்று மாற்றறைக் குழலில் வந்தது மருமகன் சுடலையின் குரல்.

“அத்தை, கோமதிக்கு வலி வந்துட்டு. மருத்துவச்சி நாலு கதவு தள்ளித்தான் இருக்காவ. அவுகளும் உள்ளதான் கெடக்காவ. தெறக்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கே!”

“பதறாதீங்க மாப்ளை. நான் கோலைத் தள்ளுதேன்.”

கடிகாரம்தான் எப்போதும் கோலைத் தள்ளும். அந்த நேரத்தில் நாச்சியாரும் வீட்டுக்குப் போயிருப்பாள். இன்று கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மணியடித்துக் கிழக்கு முழுவதையும் வீட்டுக்குத் திருப்பினாள். பட்டறை மேற்பார்வையாளர் பேச்சிமுத்து குழலில் கத்தினார்.

“ஒரு பிள்ள பெறக்கணும்னா பாதி ஊரு படுத்துக்கிடணுமாக்கும்?”

“நீரு பெறந்தப்பவும் யாரோ காத்துக் கெடந்திருப்பாவ. பேசாம உள்ள இரும்.”

கோலைத் தள்ளியபோது அவளுக்குள் ஒரு ஆசை முளைத்தது. கிழக்குக்காரர்கள் எல்லாரும் வீட்டில் அடைந்துகிடக்கிறார்கள். அவள் மட்டும் வீட்டில் இல்லை. இன்னும் அரை மணியில் மேற்கின் முறையில் நடக்கப்போகும் முதல் கிழக்குக்காரி அவள். மகளின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நடைவழியில் காற்று சீறி நிறைந்தது. பொத்தானை அழுத்தினாள். கதவு அசையவில்லை.

மறுபடி அழுத்தினாள். பிறகு ஞாபகம் வந்தது. இந்த அறைக்கு இரண்டு முறையிலும் திறக்கும் பொது எண் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் மேற்கில் ஒரு வீடு குறைந்திருக்கும். அந்த ஒரு வீட்டைத்தான் கோமதிக்கென்று கேட்டு வாங்கியிருந்தாள். மாற்றறைக் கதவுக்கும் மகள் வீட்டுக் கதவுக்கும் ஒரே எண்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மணி நேரம் கழித்து மாற்றறைக்கு வெளியே, கதவோரக் குழலில் சுடலை வந்தான். மூச்சு வாங்கியது.

“அத்தை, பொம்பளப் பிள்ள! கோமதி நல்லாருக்கா. தெறங்க, அப்படியே ஒங்க மூக்கு!”

அவன் குரலுக்குப் பின்னால், அவன் தூக்கி வந்திருந்த பிள்ளையின் சன்னமான அழுகை.

“இது தெறக்காது மாப்ளை.”

“கோலத் தள்ளினா?”

“தள்ளினா இது தெறக்கும். ஒங்க வீடு அடைச்சுக்கிடும். அதுக்கு முந்தி நீங்க ரெண்டு பேரும் உள்ள போயிருக்கணும்.”

குழந்தை இன்னும் சத்தமாக அழுதது. சுடலை அதைச் சமாதானப்படுத்தத் தொடங்கினான்.

“அமத்தாதீங்க,” என்றாள் நாச்சியார். “கொஞ்ச நேரம் அழட்டும். கேக்கேன்.”

மேற்கின் நேரம் முடிந்தது. குழலில் கோமதி களைத்துப்போய்ச் சொன்னாள்: “உள்ள வந்துட்டாவம்மா. தள்ளு.”

தள்ளினாள். அரை மணி நேரம் கோலிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினாள். கதவு உடனே திறந்தது. நடைவழியில் யாரும் இல்லை.

ஒவ்வொன்றாகக் கிழக்கின் கதவுகள் திறந்தன. பேச்சிமுத்து தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார்.

“பிள்ள யாரு சாடை, நாச்சியாரம்மா?”

“நல்ல குரலு,” என்றாள்.