கடுகு அளவு நிலா

எங்கள் வீட்டில் நிலாவைப் பார்க்கத் தடை. தடை போட்டது அம்மா. நான் என்ன செய்வேன்? தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்த் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். வாளி நிறைய இவ்வளவு நேரமா என்று அம்மா கேட்டதே இல்லை. அந்த நாட்களில் அம்மா எதையுமே கேட்பதில்லை.

நாங்கள் இருந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ரயிலில் கார்டு வேலை. ஈப்போவுக்குப் போனால் மறுநாள்தான் வருவார். பக்கத்து வீட்டில் லியனார்ட் அங்கிளும் டொரத்தி ஆன்டியும் இருந்தார்கள். அங்கிள் ரயில்வே சரக்குக் கிடங்கில் எழுத்து வேலை பார்த்தார். அவர்களுக்கு ஸ்டானிஸ்லாஸ் என்று எட்டு மாதக் குழந்தை. பெயர்தான் பெரியது, ஆள் என் வாளி உயரம்கூட இல்லை.

அங்கிளிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. நிலா வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கேமராவைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சில சமயம் என்னிடம் கொடுப்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் தட்டுவேன். பிறகு பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும்வரை ஃபிலிமைத் திருக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது.

படம் கழுவி வந்தால், கறுப்பு வானத்தில் வெள்ளையாக ஒரு கடுகு இருக்கும். அதுதான் நிலா.

"நிலாவ எடுக்கறேன்னு கடுக எடுத்துட்டு வர்றாரு. தாளிக்கக்கூட உதவாது!" என்று ஆன்டி கேலி செய்வார்.

அங்கிள் கோபித்துக்கொள்ளாமல் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுப்பார். அதை வைத்துப் பார்த்தால் கடுகு மெல்ல மெல்ல நிலாவாகும்.

முன்பெல்லாம் அம்மாவும் நானும் சேர்ந்துதான் நிலா பார்த்தோம். அப்போது அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். ஒருநாள் மாலை சந்திர கிரகணம். வயிற்றில் குழந்தை இருப்பவர்கள் வெளியே வரக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அம்மா மறந்துபோய், கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். நிமிர்ந்து நிலாவையும் பார்த்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி பிறந்தான். ஆனால் அவன் அழவே இல்லை. துணியில் சுற்றி அப்பா எடுத்துக்கொண்டு போனார். நான் அவன் கால்விரலை மட்டும்தான் பார்த்தேன்.

துக்கம் கேட்க வந்த பின்வரிசை வீட்டு இராஜம்மா அக்கா, "கிரகணத்துல வெளிய நின்னியாமே சீதா? ஏன்மா இப்படிப் பண்ணே?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போய்விட்டார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் ஆனால் அம்மா ஜன்னலை அடைத்துவிடுவாள். "நான் பார்த்ததாலதான்," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். எனக்கு வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. அங்கிள் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய படங்களை ஆல்பத்தில் ஒட்டுவதற்கு ஆன்டி என்னைக் கூப்பிட்டார். ஸ்டானிஸ்லாஸ் பசையைத் தின்னப் பார்த்தான். அவனைத் தடுப்பதே எனக்குப் பாதி வேலை.

ஒரு படத்தில் ஆன்டி கொல்லைப் படியில் நின்றார். பெரிய வயிறு. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கூரைக்கு மேலே அதே கடுகு. பூதக்கண்ணாடியை வைத்தேன். நிலாவின் ஒரு பக்கத்தை எலி கடித்தது போல இருந்தது.

படத்தைத் திருப்பினேன். ரயில் வந்த நேரத்தை எழுதுவது போல அங்கிள் எல்லாப் படத்துக்கும் பின்னால் தேதியும் மணியும் எழுதுவார். அந்தத் தேதி எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஆன்டி, கிரகணத்தன்னிக்கு நீங்க வெளிய நின்னீங்களா?"

"நின்னேனாவா? கிரகணம் முடியற வரைக்கும் நின்னேன். காலே வீங்கிப் போச்சு. ஏன் கேக்குற?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அம்மாவப் பார்க்க ரெண்டு தடவ வந்தேன் ரமணி. தூங்கணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இதையா மனசுல வச்சுக்கிட்டு இருக்காங்க?"

"இந்தப் படத்த அம்மாகிட்ட காட்டட்டுமா?"

ஆன்டி தயங்கினார். "என் வயித்தப் பார்த்தா அவங்களுக்கு வலிக்குமேம்மா."

"இப்ப மட்டும் வலிக்காமலா இருக்கு ஆன்டி?"

ஆன்டி எழுந்தார். படம் நனையாமல் இருக்க அதைப் பூதக்கண்ணாடியோடு சேர்த்து ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்.

அம்மா அடைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படத்தையும் பூதக்கண்ணாடியையும் அவள் மடியில் வைத்தேன்.

"தண்ணி பிடிக்கப் போறேன்னு பொய் சொன்னேம்மா. நிலா பார்க்கத்தான் போனேன். அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. முதல்ல இதப் பாருங்க."

அம்மா வேண்டா வெறுப்பாகக் கண்ணாடியை எடுத்தாள். பார்த்தாள். படத்தைத் திருப்பித் தேதியைப் படித்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"டொரத்தி அக்காவா? அன்னிக்கா?"

"ஆமாம்மா. கடைசி வரைக்கும் நின்னு பார்த்தாங்களாம். ஸ்டானிஸ்லாஸுக்கு ஒண்ணுமே ஆகலையே."

அம்மா படத்தை மடியில் வைத்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் தம்பிய ஒண்ணும் பண்ணலயா ரமணி?"

"இல்லம்மா. நீங்க ஒண்ணுமே பண்ணல."

அம்மா அழத் தொடங்கினாள். இத்தனை மாதமும் சத்தம் இல்லாமல் அழுதவள், அன்று வாய்விட்டு அழுதாள். தப்புச் செய்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். நானும் அழுதேன்.

மழை விட்ட பிறகு அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். படத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"நீ வேணாம். நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்," என்றாள்.

டொரத்தி ஆன்டி ஸ்டானிஸ்லாஸை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அம்மா படத்தை நீட்டினாள். ஆன்டிக்கு முன்பே ஸ்டானிஸ்லாஸ் அதைப் பிடுங்கி நேராக வாய்க்குக் கொண்டுபோனான்.

"ஐயோ, தின்னுடாதடா தங்கம்!"

படத்தைக் காப்பாற்றப் போன அம்மா, அவனையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அவனை அணைத்தபடி கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள். நானும் ஆன்டியும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

இருட்டத் தொடங்கியது. மேகம் விலகிப் பாதி நிலா தெரிந்தது. அம்மா கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தே இருந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். ஸ்டானிஸ்லாஸின் குட்டி விரலைப் பிடித்து மேலே நீட்டி, "அதோ பார், நிலா," என்றாள்.